எலும்பின் முகவரி தெரிந்த குமிழி

வாரத்தில் ஒரு கிழமையைக் குறித்துக்கொண்டு, அன்று காலை எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. காப்பி கூடாது, பழச்சாறு கூடாது. ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் மட்டும். விழுங்கிய பிறகு அரை மணி நேரம் படுக்கவும் கூடாது. எலும்புப்புரைக்காக அலென்ட்ரோனேட் சாப்பிடும் பெண்களுக்கு இந்த விரதம் நன்றாகத் தெரியும். இத்தனை கெடுபிடிக்கும் காரணம் உண்டு. விழுங்கும் மருந்தில் நூறில் ஒரு பங்குகூட ரத்தத்தில் சேர்வதில்லை. கூடவே காப்பி இறங்கினால் அந்தச் சொற்பத்திலும் பாதிக்கு மேல் போய்விடும். படுத்துவிட்டால் மாத்திரை உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கும்.

ஆனால் ரத்தத்தில் சேர்ந்துவிட்ட அந்தத் துளிக்கு ஓர் அருமையான குணம் இருக்கிறது. அதற்குப் போக வேண்டிய இடம் தெரியும். எலும்பில் உள்ள கால்சியம் தாதுவைக் கண்டால் அது பசைபோல ஒட்டிக்கொள்ளும். ஏறக்குறைய பாதி எலும்பில் தங்கிவிட, மீதி சிறுநீரோடு வெளியேறும். எலும்பு கரைவதைத் தடுக்கும் மருந்துக்கு இப்படி முகவரி தானாகவே வாய்த்துவிட்டது. கரைந்துபோன எலும்பைத் திரும்பக் கட்டும் மருந்துக்கு வாய்க்கவில்லை. அப்படியொரு முகவரியைப் பாக்டீரியா உதிர்க்கும் ஒரு நுண்குமிழியின் மேல் எழுதி ஒட்ட முடியும் என்று சில ஆய்வகங்கள் எலிகளில் காட்டியிருக்கின்றன. இந்த ஆய்வுகளை வியந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. பணம் ஒதுக்கி, விதி வகுத்து, கடுமையாகச் சோதித்துப் பார்க்க வேண்டிய விஷயம் இது. இந்தியாவுக்கு அதற்கான கைப்பழக்கமும் இருக்கிறது.

முதலில் நோயின் பெயரிலேயே உள்ள ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். முட்டி வலித்தாலும் ‘எலும்புத் தேய்மானம்’ என்கிறோம், முதுகு வலித்தாலும் அதையே சொல்கிறோம். முட்டியில் பெரும்பாலும் தேய்வது மூட்டிலுள்ள குருத்தெலும்பு. எலும்புப்புரை வேறு. எலும்பின் உள்ளே இருக்கும் வலைப்பின்னல் மெலிந்து, இழைகள் அறுந்து, உளுத்த மரம்போல் ஆகிவிடுவது அது. வலிக்காது. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறியும்போதோ, முதுகெலும்புக் கட்டை நசுங்கிக் கூன் விழும்போதோதான் தெரியவரும். 50 வயதைக் கடந்த பெண்களில் மூவரில் ஒருவருக்கும், ஆண்களில் ஐவரில் ஒருவருக்கும் வாழ்நாளில் ஒருமுறையாவது இத்தகைய முறிவு ஏற்படும் என்பது உலக அளவிலான கணக்கு. இடுப்பு முறிந்த முதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள். பாட்டி விழுந்தார், படுத்தார், போய்விட்டார் என்று பல வீடுகளில் மூன்று சொல்லில் முடிந்துவிடும் கதையின் பின்னால் பெயர் வைக்கப்படாத இந்த நோய் இருந்திருக்கக்கூடும்.

எலும்பு உயிருள்ள பொருள். ஆஸ்டியோகிளாஸ்ட் எனும் செல்கள் பழைய எலும்பை அரித்தெடுக்க, ஆஸ்டியோபிளாஸ்ட் எனும் செல்கள் அந்தக் குழியில் புதிதாகப் பூசிக் கட்டுகின்றன. சுமார் பத்தாண்டுகளில் எலும்புக்கூடு முழுவதும் இப்படிப் புதுப்பிக்கப்பட்டுவிடும். மாதவிலக்கு நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் இடிக்கும் கூட்டத்தின் கை ஓங்குகிறது. கட்டுகிற கூட்டத்தால் ஈடுகொடுக்க முடிவதில்லை.

மருந்துகளில் பெரும்பாலானவை இடிப்பதை நிறுத்துபவை. 1995இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அலென்ட்ரோனேட், பின்னர் வந்த ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றும் ஜோலட்ரோனிக் அமிலம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் எல்லாமே இந்த வகை. இவை எலும்பு முறிவுகளை உண்மையாகவே குறைக்கின்றன. தாடையெலும்பு அழுகல், தொடையெலும்பில் வினோதமான முறிவு போன்ற பக்க விளைவுகள் அரிதானவை; அவற்றுக்குப் பயந்து மருந்தை நிறுத்துகிறவர்கள் பெரிய ஆபத்தை வரவழைத்துக்கொள்கிறார்கள். கட்டும் மருந்துகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. 2002இல் வந்த டெரிபாராடைடைத் தினமும் ஊசியாகப் போட வேண்டும், பொதுவாக இரண்டு ஆண்டுகளோடு நிறுத்திவிடுவார்கள். 2019இல் வந்த ரோமோசோசுமாப் மாதம் ஒருமுறை, ஓராண்டு மட்டும்; அதற்கும் மாரடைப்பு, பக்கவாதம் பற்றிய எச்சரிக்கை உண்டு.

இவற்றைவிட வலிமையாக எலும்பை முளைக்க வைக்கும் ஒரு பொருள் உடலுக்குள்ளேயே இருக்கிறது. 1965இல் லாஸ் ஏஞ்சல்ஸில் மார்ஷல் யூரிஸ்ட் என்ற எலும்பு மருத்துவர், தாது நீக்கப்பட்ட எலும்புத் துண்டை விலங்கின் தசைக்குள் வைத்துப் பார்த்தார். எலும்பே இருக்கக் கூடாத தசையில் புது எலும்பு முளைத்தது. அந்த மாயத்தைச் செய்த புரதங்களில் முக்கியமானதை இன்று பிஎம்பி-2 என்கிறோம். மரபணு வழியில் தயாரிக்கப்பட்ட பிஎம்பி-2, 2002 முதல் முதுகெலும்பு இணைப்பு அறுவைச் சிகிச்சையில் பயன்படுகிறது. பஞ்சுபோன்ற கொலாஜன் துண்டில் அதை நனைத்து, எலும்பு வளர வேண்டிய இடத்திலேயே வைத்துத் தைத்துவிடுவார்கள். அப்படி வைத்தும் அது சொன்ன இடத்தில் நிற்கவில்லை. தேவையில்லாத இடங்களில் எலும்பு வளர்ந்தது. கழுத்தில் பயன்படுத்தியபோது சிலருக்கு மூச்சை அடைக்கும் அளவுக்கு வீக்கம் வந்தது. 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதுபற்றி எச்சரிக்கை விடுத்தது. எலும்புப்புரை உடல் முழுதும் உள்ள எலும்பைத் தாக்கும் நோய். அதற்கு பிஎம்பி-2ஐ ரத்தத்தில் ஏற்றுவது என்பது, கொத்தனாரை விலாசம் கொடுக்காமல் ஊருக்குள் அனுப்பி, கண்ட வீட்டிலெல்லாம் சுவர் எழுப்பச் சொல்வது போலாகிவிடும்.

இங்கேதான் பாக்டீரியாக் குமிழி வருகிறது.

ஏறக்குறைய எல்லா பாக்டீரியாக்களும் தம் மேலுறையிலிருந்து நுண்ணிய குமிழிகளை ஓயாமல் உதிர்க்கின்றன. விட்டம் சுமார் 20 முதல் 300 நானோமீட்டர். பெரிய குமிழிகூடத் தலைமுடியின் தடிமனில் சில நூறில் ஒரு பங்குதான். குமிழிக்கு உயிரில்லை, பெருகாது. ஆனால் தாய் பாக்டீரியாவின் புரதங்களையும் கொழுப்பையும், சில வேளை மரபுப்பொருளையும் சுமந்து செல்லும். இந்தக் கண்டுபிடிப்பின் தொடக்கப் பக்கங்களில் கொல்கத்தாவுக்கு இடமுண்டு. காலரா கிருமியை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த சாட்டர்ஜி, தாஸ் என்ற இரு ஆய்வாளர்கள், அதன் மேலுறை புடைத்துக் கழன்று வெளியேறுவதை 1967இல் பதிவுசெய்தார்கள். வெகுகாலம் இது பாக்டீரியாவின் கழிவு என்றே ஒதுக்கப்பட்டிருந்தது. நஞ்சைச் சுமக்கவும், அண்டைக் கிருமிகளோடு செய்தி பரிமாறவும் பாக்டீரியா அனுப்பும் பொட்டலம் அது என்பது மெல்ல மெல்லத்தான் புரிந்தது.

கிருமியின் துண்டை மனித உடலில் செலுத்துவதா என்று முகம் சுளிப்பவர்கள் நியூசிலாந்தை நினைத்துப் பார்க்கலாம். அங்கே 1991 முதல் பி வகை மூளைக்காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவிக் குழந்தைகளைக் கொன்றது. அந்தக் கிருமியின் குமிழிகளையே எடுத்துச் சுத்திகரித்துத் தயாரித்த தடுப்பூசியை 2004 முதல் 20 வயதுக்கு உட்பட்ட பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் போட்டார்கள். அதற்கு முன்பே, 1980களின் இறுதியில், கியூபா இதே வழியில் தன் தடுப்பூசியைத் தயாரித்துவிட்டது. இன்று பல நாடுகளில் கைக்குழந்தைகளுக்குப் போடப்படும் பெக்ஸ்செரோ ஊசியிலும் நியூசிலாந்துக் கிருமியின் குமிழிகள் இருக்கின்றன. தசையில் சில முறை போடும் தடுப்பூசியையும், மாதக்கணக்கில் ரத்தத்தில் ஏற்ற வேண்டிய மருந்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது, உண்மைதான். ஆனாலும் குமிழியைத் தொழிற்சாலையில் தயாரித்து, அளந்து, தரம் பார்த்து மனிதருக்குக் கொடுக்க முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது.

எலும்புக்கும் குமிழிக்கும் உள்ள உறவைச் சீனாவின் சாங்ஷா நகரிலுள்ள சியாங்யா மருத்துவமனை ஆய்வாளர்கள் 2021இல் ஒரு விசித்திரமான சோதனையில் காட்டினார்கள். சினைப்பை நீக்கப்பட்ட எலிகளுக்கு, அதாவது மாதவிலக்கு நின்ற நிலைக்குச் செயற்கையாகக் கொண்டுவரப்பட்ட எலிகளுக்கு, குழந்தைகளின் குடல் பாக்டீரியாக்களைக் கொடுத்தார்கள். எலும்பு இழப்பு குறைந்தது. காரணத்தைத் தேடியபோது அக்கர்மான்சியா என்ற பாக்டீரியாவின் குமிழிகள் எலும்புக்குள் போய்ச் சேர்ந்திருப்பது தெரிந்தது. அங்கே அவை கட்டும் செல்களை ஊக்கி, இடிக்கும் செல்களை அடக்கின. குடலில் வாழும் ஒரு கிருமி, தொடையெலும்புக்குத் தபால் அனுப்புகிறது!

ஷாங்காய் பல்கலைக்கழகக் குழு ஒன்று, தபாலுக்கு விலாசமும் எழுதலாம் என்று முடிவுசெய்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது ஈ.கோலை நிஸில் 1917 என்ற பாக்டீரியா. முதல் உலகப்போரில் சக வீரர்கள் வயிற்றுக் கடுப்பில் சுருண்டு கிடந்தபோது நோயே தீண்டாமல் இருந்த ஒரு சிப்பாயின் குடலிலிருந்து, அல்ஃபிரெட் நிஸில் என்ற ஜெர்மானிய மருத்துவர் பிரித்தெடுத்தது அது. இன்றும் ஜெர்மனியில் குடல் நோய்க்கு மருந்தாக விற்கப்படுகிறது. ஈ.கோலை இனத்தில் கிளைஏ என்றொரு புரதம் உண்டு. குமிழி உருவாகும்போது அதன் மேற்பரப்பில் கொடிமரம்போல் நிற்கக்கூடியது. மரபணுப் பொறியியல் மூலம் அந்தக் கொடிமரத்தில் இரண்டு கொடிகளை ஏற்றினார்கள். ஒன்று, எலும்பைக் கட்டச் சொல்லும் பிஎம்பி-2. மற்றது சிஎக்ஸ்சிஆர்4. இதுதான் விலாசம்.

இந்த விலாசம் ஆய்வகத்தில் புதிதாகக் கற்பனை செய்யப்பட்டதல்ல. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையில் தானமாகப் பெற்ற குருத்தணுக்களை மஜ்ஜைக்குள் யாரும் ஊசி போட்டு வைப்பதில்லை. ரத்தம் ஏற்றுவதுபோல ரத்தக்குழாயில் சொட்டுச் சொட்டாக இறக்குவார்கள். அவை தாமாகவே வழி கண்டுபிடித்து மஜ்ஜைக்குப் போய்விடும். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் 1986 முதல் இந்தச் சிகிச்சை நடக்கிறது. மஜ்ஜையிலுள்ள செல்கள் எஸ்டிஎஃப்-1 என்ற வேதிச் சமிக்ஞையைச் சுரக்கின்றன. குருத்தணுவின் மேலிருக்கும் சிஎக்ஸ்சிஆர்4 அதை மோப்பம் பிடித்துப் போகிறது. அதே மூக்கைக் குமிழிக்கும் வைத்துவிட்டார்கள். சினைப்பை நீக்கப்பட்ட எலிகளுக்குச் செலுத்தியபோது குமிழிகள் எலும்பை நாடிச் சென்றன, எலும்பு இழப்பு குறைந்தது என்று 2024இல் வெளியான அவர்களுடைய கட்டுரை சொல்கிறது.

மனிதக் குருத்தணுக்கள் உதிர்க்கும் எக்சோசோம் குமிழிகளைக் கொண்டும் உலகெங்கும் இதே முயற்சி நடக்கிறது. ஆனால் மனித செல்லை வளர்ப்பது செலவு மிகுந்த, நத்தை வேக வேலை. கிடைக்கும் குமிழியும் கொஞ்சம். ஈ.கோலை நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். விலாசத்தை ஒருமுறை மரபணுவில் எழுதிவிட்டால் போதும், பிறகு நொதிகலனில் வளர்த்து வடித்தெடுக்க வேண்டியதுதான். எலும்புப்புரை ஏழைக்கும் வரும் நோய், நெடுங்காலம் மருந்து கேட்கும் நோய். மலிவாகத் தயாரிக்க முடியாத மருந்தால் அதில் பெரிய மாற்றம் வராது. பாக்டீரியாக் குமிழியின் பக்கம் நிற்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

இத்தனையும் சொன்ன பிறகு, எலியைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

சோதனைக்கு வரும் எலி பெரும்பாலும் இளம் எலி. சினைப்பையை எடுத்துவிட்டுச் சில வாரங்கள் மருந்து கொடுத்து, எலும்பின் அடர்த்தியை ஸ்கேனில் அளப்பார்கள். அது வழுக்கி விழுவதுமில்லை, இடுப்பு முறிவதுமில்லை. நான்கு காலில் நடக்கும் உயிர். மனித எலும்பின் கெட்டியான வெளிப்புறத்தில் நடக்கும் அரித்துக் கட்டும் வேலை அதற்குக் கிட்டத்தட்டக் கிடையாது. நமக்கு இடுப்பு முறிவதில் அந்த வெளிப்புறத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இதனால்தான் எலும்புப்புரை மருந்துகளை எலிவகையில் மட்டுமல்லாமல் செம்மறியாடு, குரங்கு போன்ற பெரிய விலங்கிலும் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு 1990களிலேயே வழிகாட்டியது. குமிழி ஆய்வு அந்தப் படியில் இன்னும் காலை ஊன்றவில்லை.

விலங்கு எதிர்ப்பக்கமும் ஏமாற்றும். டெரிபாராடைடு எலிகளுக்கு எலும்புப் புற்றுநோயைத் தந்ததால் மனிதச் சோதனை பாதியில் நின்றது. கடும் எச்சரிக்கையோடுதான் சந்தைக்கு வந்தது. மனிதரில் அந்த ஆபத்து தென்படாததால் 2020இல் எச்சரிக்கைக் கட்டம் நீக்கப்பட்டது. மனிதரிலேயே வெற்றிபெற்றுக் கடைசி மைலில் விழுந்த மருந்தும் உண்டு. ஓடனகாடிப் என்ற மாத்திரையை 16,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதித்தார்கள். எலும்பு முறிவு குறைந்தது. கூடவே பக்கவாதம் கூடியது. 2016இல் அந்த மருந்தை நிறுவனமே கைவிட்டது. எலும்புப்புரையில் அடர்த்தி கூடியது என்ற சேதி தொடக்கம் மட்டுமே. முறிவு குறைந்ததா, உயிர் பாதுகாப்பாக இருக்கிறதா என்பதற்கு ஆயிரக்கணக்கானோரும் பல ஆண்டுகளும் தேவை.

குமிழிக்கே உரிய சிக்கல்களும் இருக்கின்றன. ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்களின் மேலுறையில் எண்டோடாக்சின் என்ற கொழுப்பு நஞ்சு உண்டு. ரத்தத்தில் அதிகமானால் காய்ச்சல், ரத்த அழுத்த வீழ்ச்சி, அதிர்ச்சி. மூளைக்காய்ச்சல் தடுப்பூசிக்காரர்கள் குமிழியைச் சோப்பு போன்ற பொருளால் கழுவி இந்த நஞ்சைக் குறைத்தார்கள். ஆனால் அந்தக் கழுவலில் மேற்பரப்புப் புரதங்கள் சிலவும் போய்விடும். கொடிமரமே முக்கியம் என்னும் மருந்துக்கு இது ஒத்துவராது. நஞ்சின் வீரியத்தை மரபணுவிலேயே குறைத்த பாக்டீரியா வகைகளிலிருந்து குமிழி எடுப்பதே சரியான பாதை. நிஸில் பாக்டீரியாவுக்கு இன்னொரு குறையும் உண்டு. மரபணு இழையைச் சேதப்படுத்தக்கூடிய கோலிபாக்டின் என்ற பொருளைத் தயாரிக்கும் திறன் அதற்கு இருக்கிறது. வயதான பெண்ணுக்குப் பல மாதம் செலுத்த வேண்டிய மருந்தில் அந்தத் திறனை நீக்காத வகைக்கு இடமே இருக்கக் கூடாது. திரும்பத் திரும்பச் செலுத்தினால் உடல் எதிர்ப்பொருளை உருவாக்கிக் குமிழியை வழியிலேயே அழித்துவிடுமா, கல்லீரல் எவ்வளவை வடிகட்டிப் பிடித்துக்கொள்ளும், பிஎம்பி-2 கொடி ஏந்தியவை இதயத்திலோ ரத்தக்குழாய்ச் சுவரிலோ தங்கினால் என்ன ஆகும் என்பவை முதல் மனிதச் சோதனைக்கு முன்பே விடை காண வேண்டிய கேள்விகள்.

இந்த இடைவெளியில் கவலை தரும் விஷயம் ஒன்று உண்டு. குடல் பாக்டீரியா எலும்புக்கு நல்லது என்ற அரைச் செய்தியே டப்பாக்களை விற்கப் போதுமானது. ஸ்வீடனில் 2018இல் வெளியான ஒரு சோதனையில், 75 முதல் 80 வயதுள்ள 90 பெண்களில் ரியூட்டரி என்ற லாக்டோபாசில்லஸ் வகையை ஓராண்டு சாப்பிட்டவர்களுக்குக் கால் எலும்பின் இழப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. நம்பிக்கை பொங்கியது. பிறகு 50களில் இருக்கும் 239 பெண்களிடம் இரண்டு ஆண்டுகள் சோதித்தார்கள். பலன் ஏதுமில்லை என்று 2024இல் வெளிப்படையாக எழுதினார்கள். அந்த நேர்மைக்குத் தலைவணங்க வேண்டும். விளம்பரங்கள் முதல் ஆய்வை மட்டும் சொல்லும். இரண்டாவதைச் சொல்ல வேண்டியது பத்திரிகைகளின் கடமை. குமிழி வேறு, தயிரிலோ மாத்திரையிலோ உள்ள பாக்டீரியா வேறு என்பதும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டும். விலாசம் எழுதப்பட்ட குமிழி ஒரு மருந்து. மருந்துக்குரிய எல்லாக் கதவுகளையும் அது தட்டித்தான் வர வேண்டும்.

இந்தியா இதில் வேடிக்கை பார்க்கத் தேவையில்லை. புனேயில் தயாரான மூளைக்காய்ச்சல் தடுப்பூசி 2010 முதல் ஆப்பிரிக்காவின் கொள்ளைநோய்ப் பகுதிகளுக்குப் போனது. பாக்டீரியாவை டன் கணக்கில் வளர்த்துச் சுத்திகரிப்பது இங்கே நன்கு பழகிய தொழில். கொல்கத்தாவில் காலரா, குடல்நோய்களுக்கான தேசிய நிறுவனம் என்று அழைக்கப்பட்டுவந்த ஆய்வகம் ஷிகெல்லா கிருமியின் குமிழிகளிலிருந்து தடுப்பூசி உருவாக்கப் பல ஆண்டுகளாக உழைத்திருக்கிறது. குமிழியைப் பிரித்தெடுக்கும் கை அங்கே தயார். எலும்பு அடர்த்தியை அளக்கவும் நோயாளிகளைத் தொடர்ந்து கவனிக்கவும் தெரிந்த நாளமில்லாச் சுரப்பியியல் துறைகள் பெரிய மருத்துவக் கல்லூரிகளில் இருக்கின்றன. இவர்கள் ஒரே மேசையில் உட்காருவதற்கான பொதுப்பணம் வேண்டும். குமிழியை எந்தப் பிரிவில் வைத்து, எந்த அளவுகோலால் தரம் பார்ப்பது என்பதை மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். வயதான செம்மறியாடுகளில் ஓராண்டாவது நடக்கும் ஒரு நல்ல சோதனை, இன்னும் பத்து எலிக் கட்டுரைகளைவிட அதிகம் சொல்லும்.

அதுவரை? இடுப்பு முறிந்து வரும் மூதாட்டிக்குக் கம்பி வைத்துத் தைத்து, எலும்புப்புரைக்கு ஒரு மருந்தும் எழுதாமல் வீட்டுக்கு அனுப்புவது உலகின் பல மருத்துவமனைகளில் இன்றும் நடக்கிறது. முறிவோடு வரும் ஒவ்வொருவரையும் பிடித்துவைத்து அடர்த்தி பார்த்து, மருந்து தொடங்கி, அடுத்த முறிவைத் தடுக்கும் தனிச் சேவையை 1990களின் இறுதியில் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் தொடங்கினார்கள். அதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டியதில்லை. ஒரு செவிலியரும், ஒரு பதிவேடும், ஒரு ஸ்கேன் கருவியும் போதும். நமது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் எலும்பு முறிவுப் பிரிவு ஒவ்வொன்றிலும் அப்படி ஒரு மேசை போடலாம். நாளை குமிழி மருந்து மனிதச் சோதனைக்கு வந்தால், அதில் சேர முன்வரும் பெண்களின் பெயர்களும் அந்தப் பதிவேட்டிலிருந்துதான் கிடைக்கும்.